அங்க அடையாளங்கள்

படிவத்தில் மூன்றே வரி விட்டிருக்கிறார்கள்
அடையாளக் குறிகளுக்கு,
பழைய பாஸ்போர்ட்டில் தழும்புக்கு விட்டதுபோல.

கயானி காவல் நிலையம். மார்ச்.
வெளியே பனி பழுப்பாகிக் கிடக்கிறது.
தைமி ஹூர்ஸ்கைனென் மாவுச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து
என் மேசைமேல் கிடத்தினாள்.
புருஷன் போய் ஐந்து வாரம்.
சவுனா மச்சில், காய்ந்த இலைக்கட்டுகளுக்கு அடியில்,
நாற்பத்து மூன்று வருஷமாகப் படுத்திருந்ததாம்.
உரிமம் உண்டா என்றேன், கேட்டாக வேண்டுமே.
"கல்யாணத்துக்கே கடைசி நாளில்தான் வாங்கினார்."

எழுதினேன்.
குழலில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இரண்டெழுத்து:
எங்கள் ராணுவத்தின் சொத்து.

பின்கட்டையில் வட்ட முத்திரை.
கிடங்கில் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்,
பாதியில் சாப்பாட்டு மணி அடித்திருக்க வேண்டும்.
இரட்டைத்தலைக் கழுகுக்கு ஒரு தலை மிச்சம்.
எப்படித் திருப்பி வைத்தாலும்
வந்த வழியைப் பார்க்கிறது.

கட்டையின் முன்பாதி வேறு மரம்.
விரல் கோத்ததுபோல் பல்லிணைப்பு.
இரண்டும் பிர்ச்தான்,
எல்லைக்கு அந்தப் பக்கத்தது ஒன்று, இந்தப் பக்கத்தது ஒன்று.
பசை விடவில்லை.
நிறம் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

வரிகள் தீர்ந்தன.
அப்போதுதான் இடப்பக்கம் புரட்டினேன்.
சுடுகிறவனின் கன்னம் பதியும் இடத்தில்
கத்திமுனையால் செதுக்கிய நான்கு எழுத்து.

"அதை எழுத வேண்டாம்" என்றாள் தைமி.
கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.
"பேபா. அவள் பெயர் பேபா.
போரிலிருந்து வந்த மறுவாரமே பார்த்துவிட்டேன்.
யார் என்று கேட்டேன்.
கொடுக்கும்போதே இருந்தது என்றார்.
எந்த ஆம்பளைதான் அப்படிச் சொல்லமாட்டான்?
அதற்குமேல் நான் கேட்கவில்லை.
அவரும் மச்சிலிருந்து அதை இறக்கவில்லை.
பேபா என்று இந்த ஊரில் யாருமில்லை, தேடிவிட்டேன்.
சுவோமுஸ்ஸல்மியில் ஒருத்தி இருந்தாள்,
அது ஒரு பசுமாடு."

கொஸ்தமுக்ஷாவில் மூன்று குளிர்காலம்
கான்கிரீட் கலவை வண்டி ஓட்டியவன் நான்.
அவர்கள் எழுத்தை லாரிக் கதவுகளில் படித்துக் கற்றேன்.
நாம் உதடு மூடிப் பகரம் சொல்லும் இடத்தில்
அவர்கள் நாக்கை உதறி ரகரம் சொல்வார்கள்.
முதல் எழுத்தும் நம்முடையது போலிருக்கும்,
நம்முடையது இல்லை. அது வகரம்.

வேரா, என்றேன்.
அது வேரா.
இவருக்கு முன்னால் இதைச் சுமந்தவன் யாரோ
செதுக்கியது.

ரேடியேட்டர் தட்டிக்கொண்டது.
அவள் எழுத்துகளின் மேல் விரல் வைத்து
ஒவ்வொன்றாக,
படிக்கப் பழகும் பிள்ளைபோல,
புதிதாக உச்சரித்தாள்.
பிறகு கேட்டாள்:
"அவன் என்ன ஆனான்?"

துப்பாக்கி எங்கள் கைக்கு வந்திருக்கிறதே, என்று
சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை.
அவளுக்குத் தெரியாததா.

"இத்தனை வருஷம் அவளைத் திட்டியிருக்கிறேன்" என்றாள்.
"பால் கறக்கும்போது. பனி தள்ளும்போது."

சட்டப்படி குழலும் பூட்டும்தான் ஆயுதம்.
மரம் வெறும் மரம்.
வளையங்களைத் தள்ளினேன்,
இரண்டு திருகு, இரண்டாவது துருப்பிடித்து அழுதது.
இரும்பைத் தனியே எடுத்து உருக்கப்போகும் பெட்டியில் போட்டேன்.
கட்டையைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன்.

மதியம் ரவுனோ படிவத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
கழுகு, கட்டம், பல்லிணைப்பு எல்லாம் எழுதியிருக்கிறாய்,
கட்டை எங்கே?

நான்காவதாக ஒரு வரி
நானே ஸ்கேல் வைத்துக் கோடிழுத்துச் சேர்த்திருந்தேன்.
அதைக் காட்டினேன்:
"ஒரு பெயர். உரிமையாளருடையது அல்ல.
உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டது."

அவளுக்கு இவள் என்ன உறவு என்று
ரவுனோ கேட்கவில்லை.
இரண்டு மணி பஸ்ஸில்
ஜன்னலோர இருக்கையில் சாக்கை உட்காரவைத்து
தைமி அடுத்த இருக்கையில் அமர்ந்ததைப்
பார்த்துக்கொண்டு நின்றோம்.